எக்ஸ்பிக்கு எதிர்காலம் தெரியாது

பழைய கணினி நெட்வொர்க் கார்டைக் கண்டுகொள்ளவில்லை என்று யாராவது கூப்பிட்டால், கேபிளை ஆட்டிப் பார்த்தீர்களா, ரூட்டரை அணைத்துப் போட்டீர்களா என்றெல்லாம் நான் கேட்பதில்லை. முதலில் கேட்பது இதுதான்: "கார்டு எந்த வருஷத்தது? விண்டோஸ் எந்த வருஷத்தது?"

"கார்டு புதுசுதான், போன வாரம் வாங்கினது" என்று பெருமையாகப் பதில் வரும். பாதிப் பிரச்சினை அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஓர் இயங்குதளம் வெளியான நாளில் சந்தையில் இருந்த கருவிகளுக்கான டிரைவர்கள்தான் அதன் வட்டில் இருக்கும். டிரைவர் என்பது ஒரு கருவியோடு பேச இயங்குதளத்துக்குக் கற்றுக்கொடுக்கும் சிறு மென்பொருள். விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில். பிறகு வந்த சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்புகள் ஓட்டைகளை அடைத்தன, பாதுகாப்பைக் கூட்டின. ஆனால் புதுப்புது நெட்வொர்க் சிப்களைப் பற்றி எக்ஸ்பிக்கு அவை பெரிதாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் எக்ஸ்பிக்கு முன்பே கடைக்கு வந்துவிட்ட ரியல்டெக் 8139ஐச் செருகினால், ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும். அதே ரியல்டெக்கின் 8168 என்ற கிகாபிட் சிப்பைக் காட்டினால் கருவிகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் எச்சரிக்கைக் குறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். பின்னது பத்து மடங்கு வேகமானது. இருந்தும் எக்ஸ்பிக்கு அதை யாரென்றே தெரியாது.

விண்டோஸ் 7க்கும் இதே கதைதான். அது 2009 அக்டோபரில் வந்தது. யூஎஸ்பி 3 வரையறை அதற்கு முந்தைய ஆண்டே வெளியாகியிருந்தும், விண்டோஸ் 7 வட்டில் அதற்கான டிரைவர் கிடையாது. 2015இல் வந்த இன்டெலின் 100 வரிசை சிப்செட்டுகளில் (மதர்போர்டின் முக்கியச் சிப்கள்) பழைய யூஎஸ்பி 2 கன்ட்ரோலரையே எடுத்துவிட்டார்கள். அந்த மதர்போர்டுகளில் விண்டோஸ் 7 நிறுவப் போனவர்கள், நிறுவும் திரை வரை வந்து கீபோர்டும் மவுஸும் அசையாமல் விழித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரைச் செருகிவிட்டு அது தெரியவில்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. அது செருகியிருக்கும் போர்ட்டே விண்டோஸுக்குத் தெரியாது.

ஆக, பழைய இயங்குதளத்துக்குப் பழைய கார்டுதான் நல்ல கார்டு. புதிதாக வாங்க வேண்டாம், பழையதாகத் தேடுங்கள். இதைச் சிங்கப்பூரில் சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். இரண்டு வருஷத்துக் கைத்தொலைபேசியையே பழசு என்று ஒதுக்குகிற ஊர் இது.

சரி, இந்தக் காலத்தில் எக்ஸ்பியை யார் வைத்திருக்கிறார்கள்? நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். தொழிற்பேட்டைப் பட்டறைகளில் உலோகம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் கணினி எக்ஸ்பியில் இருக்கும். இயந்திரம் இன்னும் நன்றாக வெட்டுகிறது. அதை ஓட்டும் மென்பொருளோ எக்ஸ்பியைத் தாண்டி எதிலும் ஓடாது. ஆய்வுக்கூடக் கருவிகளும் அப்படித்தான். நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமான கணினி இங்கே லிட்டில் இந்தியாவில், தேக்காவில், ஓர் அச்சுக்கடையில் இருக்கிறது.

சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் எனக்குத் தெரிந்த அண்ணன் அந்தக் கடையை நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா அறிக்கை, பதினாறாம் நாள் காரியத்துக்கான அட்டை எல்லாம் அங்கே அச்சாகும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, அதற்குமேல் ஒரு பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள், அந்த மென்பொருளுக்குக் கணினியின் பின்புறம் இணைப் போர்ட்டில் செருகியிருக்கும் டாங்கிள் என்ற ஒரு சிறு கருவி. அந்த டாங்கிள் இல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது.

"தம்பி, இது தூக்கிப் போடற சாமான் இல்ல. அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே தங்கச்சிக்கும் வேணும்னு வருவாங்க. அந்தப் பழைய ஃபைல் எல்லாம் இதுலதானே இருக்கு?" என்றார்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் அவரைத் திட்ட மனம் வரவில்லை. இந்த ஊர்த் தமிழ்க் கணிமையின் வரலாறே அந்தக் காலத்து எழுத்துருக்களில்தான் தொடங்குகிறது. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியதும், 1995இல் இங்கிருந்து தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறியதும், 1997இல் தமிழ்நெட் 97 மாநாடு இங்கே நடந்ததும் யூனிகோடு தமிழ் நம் கணினிகளுக்கு வருவதற்கு முன்னால். விண்டோஸில் தமிழ் உள்ளிருந்தே வந்தது விண்டோஸ் 2000இல்தான். அதுவரை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்துக்கொண்டது. எழுத்தை மட்டும் மாற்ற இன்று மாற்றிகள் கிடைக்கின்றன. ஆனால் பக்க வடிவமைப்பு அப்படி மாறாது. 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கும் வரி எங்கே உடைய வேண்டும், மணமக்கள் பெயருக்கிடையே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அண்ணன் கையால் இழுத்து இழுத்து வைத்ததெல்லாம் பேஜ்மேக்கர் கோப்புக்குள் இருக்கிறது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதனால் எக்ஸ்பி கிழம் உயிரோடு இருக்க வேண்டியிருக்கிறது.

ஓர் இடிமழை நாளுக்குப் பிறகு அந்தக் கணினியின் மதர்போர்டில் இருந்த நெட்வொர்க் போர்ட் செத்துப்போனது. உலகிலேயே மின்னல் அதிகம் வெட்டும் பகுதிகளில் நம்முடையதும் ஒன்று. டெலிபோன் கம்பி வழியாக ஏடிஎஸ்எல் இணையம் வந்த காலத்தில் மின்னலுக்கு மோடமும் போர்ட்டும் ஜோடியாகப் போகும். இப்போது வருவது கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் வராது. சுவர் பிளக் வழியாக மட்டும் இன்னும் வருகிறது.

அண்ணனின் மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், விவரமான பையன். கடையில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து 2.5 கிகாபிட் யூஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கி வந்து செருகியிருந்தான். எக்ஸ்பி அதன் பெயரைக்கூட அழகாகக் காட்டியது. பக்கத்தில் மஞ்சள் குறி. "பெயர் வருதே அங்கிள், அப்போ தெரிஞ்சுக்கிச்சுதானே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

'கார்டைக் கண்டுபிடிக்கவில்லை' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. மின்சார அளவிலேயே கார்டு கணினிக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறிகூட இருக்காது, வெறுமையாக இருக்கும். அல்லது கார்டு தெரிகிறது, அதனோடு பேசத்தான் டிரைவர் இல்லை. அப்போது 'மற்றக் கருவிகள்' என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் குறியோடு நிற்கும். சொடுக்கினால் கோட் 28 என்று வரும். டிரைவர் இருந்தும் கார்டு எழுந்திருக்க மறுத்தால் கோட் 10. எல்லாம் சரியாக இருந்து, நெட்வொர்க்கில் கணினியின் அடையாளமான ஐபி முகவரியில் மட்டும் கோளாறு என்றால் டிவைஸ் மேனேஜர் சுத்தமாக இருக்கும், ஆனால் இணையம் வராது. இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. கோட் 28 காட்டும் கணினியில் கேபிளை மாற்றுவதும், மஞ்சள் குறியே இல்லாத கணினியில் டிரைவரைத் தேடி அலைவதும் வீண் வேலை. நான் பார்த்தவரை மக்கள் இந்த வீண் வேலையில்தான் சனி, ஞாயிறுகளைச் செலவழிக்கிறார்கள்.

பையன் பார்த்த பெயர், அடாப்டர் தன்னைப் பற்றித் தானே சொன்ன பெயர். யூஎஸ்பி கருவிகள் செருகியவுடன் தங்கள் பெயரை ஒரு வரியாகச் சொல்லும். எக்ஸ்பி அதை அப்படியே எழுதிக் காட்டியது, அவ்வளவுதான். டிரைவரைத் தேட விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் ஒவ்வொரு பிசிஐ கார்டுக்குள்ளும் தயாரிப்பாளருக்கு நான்கு இலக்கம், கருவிக்கு நான்கு இலக்கம் என்று பதினாறடிமான எண்கள் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை) பதிந்திருக்கும். யூஎஸ்பியிலும் அதே ஏற்பாடு உண்டு. இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086. அவர்களுடைய 1978ஆம் ஆண்டு பிராசஸரின் பெயரை அப்படியே எண்ணாக வாங்கிக்கொண்டார்கள். இதைக் கவனிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும். ரியல்டெக்குக்கு பிசிஐயில் 10ஈசி. அதனால் 10ஈசி, 8139 என்ற ஜோடியைப் பார்த்தால் அட்டைப்பெட்டியில் எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ரியல்டெக் 8139. பெட்டிப் பெயர் என்பது வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் மாதிரி, இந்த எண்தான் ஐசி நம்பர், அதாவது அடையாள அட்டை எண்.

வைஃபை டாங்கிள்களில் இது இன்னும் முக்கியம். ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பில் ஒரு நிறுவனத்தின் சிப்பும், மூன்றாம் பதிப்பில் முற்றிலும் வேறு நிறுவனத்தின் சிப்பும் இருக்கும். வெளியே ஸ்டிக்கரின் ஓரத்தில் பொடி எழுத்தில் பதிப்பு எண் போட்டிருப்பார்கள். மாடல் பெயரை வைத்து டிரைவர் இறக்கினால் பொருந்தாது, நாமோ டாங்கிள் கெட்டுவிட்டது என்று நினைப்போம். சில டாங்கிள்கள் இன்னொரு வேடிக்கையும் செய்யும். செருகியவுடன் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று அறிமுகம் செய்துகொள்ளும். டிரைவரை அந்தப் போலிச் சிடிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அதை நிறுவிய பிறகுதான் தன் உண்மை முகத்தைக் காட்டும். பழைய இயங்குதளத்தில் அந்த நிறுவல் தடுமாறினால், கடைசி வரை சிடி டிரைவாகவே இருந்துவிடும்.

எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியை இருமுறை சொடுக்கி, விவரங்கள் பகுதிக்குப் போனால் இருக்கும். அங்கே ஒன்றுமே தெரியவில்லை என்றால் நிறுவாமலே ஓடும் லினக்ஸ் லைவ் சிடி ஒன்றைப் போட்டுக் கணினியை எழுப்பி, பிசிஐ கருவிகளைப் பட்டியலிடச் சொல்வேன். லினக்ஸுக்கும் தெரியவில்லை என்றால் கார்டோ ஸ்லாட்டோ போய்விட்டது, விண்டோஸைக் குறை சொல்வதில் பயனில்லை. லினக்ஸுக்குத் தெரிந்து விண்டோஸுக்குத் தெரியவில்லை என்றால் டிரைவர் பிரச்சினை. அண்ணன் கடையில் இந்தச் சோதனையில்தான் மதர்போர்டு போர்ட் உண்மையிலேயே போய்விட்டது என்று உறுதியானது.

டிரைவர் கோப்புக்குள் ஐஎன்எஃப் என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறக்கலாம். நம் எண் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், நிறுவும் நிரல் என்ன முரண்டு பிடித்தாலும், அந்தக் கோப்புறையைக் கையால் காட்டி நிறுவ வாய்ப்பு உண்டு. எண் இல்லாவிட்டால் எத்தனை முறை நிறுவினாலும் நடக்காது. இருந்தாலும் எந்த விண்டோஸுக்கான பகுதியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பையனுடைய 2.5 கிகாபிட் அடாப்டரின் ஐஎன்எஃபில் எண் இருந்தது, விண்டோஸ் 10க்கான பகுதியில். எக்ஸ்பிக்கு அதில் இடமே இல்லை.

இதற்கு நடுவே ஒரு கோபம். டிரைவர் தேடப் போனால் முதலில் வருபவை 'உங்கள் எல்லா டிரைவர்களையும் தானாகப் புதுப்பிக்கிறோம்' என்று அழைக்கும் மென்பொருள்கள். தயவுசெய்து தொடாதீர்கள். நெட்வொர்க்கே இல்லாத கணினியில் இணையத்தைத் தொட்டு டிரைவர் தேடும் மென்பொருள் என்ன செய்துவிடும்? அவற்றில் பல, வேண்டாத குப்பையை ஏற்றிவிட்டுப் போகும். சிப் தயாரிப்பாளரின் தளம், அது இல்லாவிட்டால் மதர்போர்டு தயாரிப்பாளரின் பழைய பக்கம், அதுவும் போய்விட்டால் இணையக் காப்பகத்தில் இருக்கும் பழைய டிரைவர் சிடி. அதற்கு மேல் நான் போவதில்லை.

வேறொரு கணினியில் இறக்கித் தம்ப்டிரைவில் கொண்டுவருவது எக்ஸ்பியில் எளிது. விண்டோஸ் 98 வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வாய்க்காது, ஏனென்றால் அதற்குத் தம்ப்டிரைவையும் தெரியாது. பொதுவான யூஎஸ்பி சேமிப்பு டிரைவர் வீட்டுப் பயனாளர் விண்டோஸில் முதலில் வந்தது 98க்குப் பிறகு வந்த விண்டோஸ் மீ பதிப்பில். நெட்வொர்க் டிரைவரைக் கொண்டுவரத் தம்ப்டிரைவ், தம்ப்டிரைவ் டிரைவரைக் கொண்டுவர சிடி. போதாக்குறைக்கு நெட்வொர்க்கில் எதைத் தொட்டாலும் 98 தன் மூல வட்டைக் கேட்கும். அதன் கோப்புறையை முதலிலேயே ஹார்ட் டிஸ்கில் படியெடுத்து வைத்துவிடுவதுதான் நிம்மதி. அதற்கும் முந்தைய ஐஎஸ்ஏ ஸ்லாட் காலத்து என்இ2000 வகைக் கார்டுகள் தங்களைப் பற்றி எதையுமே சொல்லாது. கார்டு பிராசஸரைக் கூப்பிடும் ஐஆர்க்யூ எண்ணையும் முகவரியையும் கார்டில் ஜம்பர் என்ற சிறு செருகியால் வைத்து, அதே எண்ணை விண்டோஸிலும் எழுத வேண்டும். ஐஆர்க்யூ 3இல் வைத்தால் இரண்டாவது சீரியல் போர்ட்டோடு மோதும். அந்த வித்தையெல்லாம் தெரிந்தவர்கள் இன்று தாத்தாக்கள்.

அண்ணன் கடைக்குத் திரும்பலாம். முடிவு தெளிவாக இருந்தது. அந்தக் கணினியில் பிசிஐ ஸ்லாட் இருக்கிறது, எக்ஸ்பிக்குப் பிறப்பிலிருந்தே தெரிந்த 8139 கார்டு ஒன்று வேண்டும். எங்கே போவது?

முன்பாக இருந்தால் சுங்கை ரோடுதான். தார்ப்பாயை விரித்துப் பழைய கேமரா, கைக்கடிகாரம், டெலிபோன், கணினிக் கார்டு என்று குவித்துப்போட்டு விற்ற அந்தச் சந்தையை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடிவிட்டார்கள். திருட்டுச் சந்தை என்று ஊர் அதற்கு வைத்த பேர் என்னவோ சரிதான், ஆனால் இந்த மாதிரி விஷயங்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. 2021 ஜூலை முதல் மின்கழிவுகளை முறையாகச் சேகரிக்கும் திட்டமும் வந்துவிட்டது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. பழைய கார்டுகள் இப்போது ஒழுங்காக உருக்குவதற்குப் போய்விடுகின்றன என்பது எங்களைப் போன்ற சிலருக்கு மட்டும் வருத்தம்.

கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் தேக்காவிலிருந்து நடக்கிற தூரம். கீழ்த்தளக் கடைகளில் கேட்டால் சிரிப்பார்கள். மேல் மாடிகளில், பழுது பார்க்கும் சிறிய கடைகளில் கேட்க வேண்டும். அங்கும் கிடைக்காமல், கடைசியில் பழைய பொருள்களை விற்கும் கரோசெல் செயலியில் ஒருவர் பழைய கணினி உதிரிகளை மொத்தமாகப் போட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிச் சிப்பின் மேல் எழுதியிருந்த 8139ஐப் படித்துவிட்டுத்தான் பேரம் பேசினேன். பத்து வெள்ளிக்குள் முடிந்தது. அவருடைய பிளாக்கின் கீழே போய் வாங்கி வந்தேன். "இதை வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று அவர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். கல்யாணப் பத்திரிகை அடிக்க என்றேன். விளக்கிச் சொல்ல நேரமில்லை.

கார்டைச் செருகுவதற்கு முன் அதன் பொன்னிறப் பற்களைத் துடைக்க வேண்டும். இந்த ஊர் ஈரப்பதத்தில் வருஷக்கணக்கில் கிடந்த கார்டில் படலம் படிந்திருக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பது பலர் வழக்கம். எனக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணிதான் பிடிக்கும், ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் போனால் அது தனி வேலை. ஸ்லாட்டையும் சந்தேகப்பட வேண்டும். ஒன்றில் தெரியாத கார்டு பக்கத்து ஸ்லாட்டில் தெரிவது சர்வசாதாரணம்.

கூடவே மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும், கணினியை எழுப்பும் பயாஸ் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். நாம் செய்துவைத்த மாற்றங்கள் போகும், தேதியும் கடந்த காலத்துக்குப் போகும். மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட் திடீரென்று காணாமல் போனதாகச் சொல்லும் பலருக்கு, பயாஸில் அது அணைந்து கிடப்பதுதான் காரணம். செத்த போர்ட்டை நாமே பயாஸில் அணைத்துவிடுவது நல்லது. அண்ணன் கணினியில் அப்படித்தான் செய்தேன்.

இன்னொரு விசித்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல போர்ட்டைச் செத்துவிட்டது என்று நம்பவைப்பது இது. கணினியை அணைத்தாலும் சுவரில் பிளக் இருக்கும்வரை நெட்வொர்க் சிப்புக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், தொலைவிலிருந்து கணினியை எழுப்புவதற்காக. சிப் ஏதோ ஒரு நிலையில் சிக்கிக்கொண்டால், கணினியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது விடுபடாது. பிளக்கையே கழற்றி, பவர் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, சில நிமிஷம் விட்டு மாட்டினால் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து வரும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருந்தவர்கள் சில ரியல்டெக் சிப்களோடு பட்ட பாடும் இதே வகை. விண்டோஸ் டிரைவர் போகிற போக்கில் சிப்பைத் தூங்கவைத்துவிட்டுப் போகும், பின்னால் வரும் லினக்ஸ் அதை எழுப்பத் தெரியாமல் கேபிளே இல்லை என்று சொல்லும். குறிப்பிட்ட ஓர் அமைப்பை விண்டோஸ் டிரைவரில் மாற்றினால் சரியாகிவிடும்.

என்விடியாவின் என்ஃபோர்ஸ் மதர்போர்டுகளைப் பற்றியும் ஒரு வரி. அவற்றில் நெட்வொர்க் பகுதி சிப்செட்டுக்குள்ளேயே இருந்தது. முதலில் சிப்செட் டிரைவர், அது ஏறிய பிறகுதான் நெட்வொர்க் கார்டு என்று ஒன்று இருப்பதே விண்டோஸுக்குத் தெரியும். அந்தக் காலத்து மதர்போர்டு எதுவானாலும் சிப்செட் டிரைவரை முதலில் போடுவது நல்ல பழக்கம்.

8139ஐச் செருகி எக்ஸ்பியை எழுப்பியவுடன் கீழே மூலையில் 'புதிய வன்பொருள்' பலூன் வந்தது. வட்டு கேட்கவில்லை, டிரைவர் கேட்கவில்லை. பையன் தன் 2.5 கிகாபிட் அடாப்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த பலூனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் பழைய ஐபி முகவரியைக் கொடுத்தபோது எக்ஸ்பி மறுத்தது. இந்த முகவரி ஏற்கெனவே இன்னோர் அடாப்டருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றது. எந்த அடாப்டர்? பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. செத்துப்போன போர்ட்டின் பதிவு எக்ஸ்பிக்குள் அப்படியே இருக்கிறது, தனக்கு ஒதுக்கிய முகவரியோடு. டிவைஸ் மேனேஜரில் மறைந்த கருவிகளைக் காட்டச் சொன்னாலும் எக்ஸ்பி இப்படிப்பட்டவற்றைக் காட்டாது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, டெவ்எம்ஜிஆர், ஷோ, நான்பிரசன்ட், டிவைசஸ் என்ற நான்கு சொற்களையும் அடிக்கோட்டால் கோத்து ஒரு சூழல் மாறியாக்கி, அதற்கு 1 என்று மதிப்புக் கொடுத்து, அதே சாளரத்திலிருந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, பிறகு மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும். அப்போது பழைய போர்ட் மங்கலான நிறத்தில் தலைகாட்டும். அதை நீக்கினால் முகவரி விடுபடும். இவ்வளவு மறைவாக இதை ஏன் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை எரிச்சல்தான்.

கார்டு வந்துவிட்டது. இனி அதை எங்கே இணைப்பது? இங்கேதான் அண்ணனிடம் கொஞ்சம் கறாராகப் பேசினேன். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது. 2017 மே மாதம் வானாகிரை என்ற கணினித் தீநிரல் பரவியபோது நிலைமை அவ்வளவு மோசமாக இருந்ததால் எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அந்த தயவு கிடைக்காது. ஆகவே இந்தக் கணினி கடைக்குள் இருக்கும் பிரிண்டரோடும் இன்னொரு கணினியோடும் மட்டும் பேசட்டும், வெளியே போக வேண்டாம். அதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. ஐபி முகவரியைக் கையால் எழுதும்போது கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால், உள்ளூர்க் கருவிகள் தெரியும், இணையத்துக்கு வழி தெரியாது. உறுதியான பூட்டு இல்லை, ஆனால் வேலை நேரத்தில் யாராவது பழக்கதோஷத்தில் பிரவுசரைத் திறப்பதை இது நிறுத்தும்.

"அப்போ மெயில் பார்க்க முடியாதா?" என்றார் அண்ணன்.

"கைத்தொலைபேசியில பாருங்க அண்ணே."

பிரிண்டருக்கு அனுப்புவதில் சிக்கல் வரவில்லை. நெட்வொர்க் பிரிண்டர்கள் பலவும் 9100 என்ற எண் கொண்ட மென்பொருள் போர்ட்டில் நேரடியாக வாங்கிக்கொள்ளும், எக்ஸ்பிக்கும் அப்படி அனுப்பத் தெரியும். புது பிரிண்டருக்கு எக்ஸ்பி டிரைவர் இல்லை என்றாலும், அது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியைப் புரிந்துகொள்ளும் பிரிண்டர். பேஜ்மேக்கர் போஸ்ட்ஸ்கிரிப்டிலேயே வளர்ந்தது. பொதுவான பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் ஒன்றே போதுமாக இருந்தது.

கோப்புப் பகிர்வில்தான் முட்டியது. எக்ஸ்பி பேசுவது விண்டோஸின் கோப்புப் பகிர்வு மொழியான எஸ்எம்பியின் முதல் பதிப்பு. வானாகிரை நுழைந்த வாசலும் அதுதான். 2017 அக்டோபருக்குப் பிந்தைய விண்டோஸ் 10இலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் அதை இயல்பாக எடுத்தே வைத்திருக்கிறார்கள். தேடினால் அதைத் திரும்பச் சேர்க்கும் வழியை எல்லோரும் சொல்வார்கள். நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். பழையது பேச வேண்டும் என்பதற்காகப் புதிய கணினியின் கதவைத் திறந்துவைப்பது தலைகீழான காரியம். அண்ணன் கடையில் புதிய கணினியில் கோப்புகளை அனுப்பி வாங்கும் ஒரு சிறிய எஃப்டிபி சேவையகம் வைத்தேன், கடைக்குள் மட்டும் திறந்திருக்கும்படி. எஃப்டிபியும் பாதுகாப்புக்குப் பேர்போனதல்ல. ஆனால் ஒரு கோப்புறையைத் தவிர வேறெதுவும் அதன் வழியே தெரியாது.

இப்போது நம் ஊரில் 10 கிகாபிட் இணைப்பு வீடுகளுக்கே வருகிறது. 2024இல் அதற்காக அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாகவும் அறிவித்தது. அந்தத் திட்டங்களோடு வரும் ரூட்டர்களின் வேகப் போர்ட்களில் சில, பழைய வேகங்களுக்கு இறங்கி வருவதில்லை. 8139 பேசுவது அதிகபட்சம் 100 மெகாபிட், அதற்கும் மூத்த கார்டுகள் 10 மெகாபிட். கார்டு நன்றாக இருக்கும், டிரைவரும் நன்றாக இருக்கும், விளக்கு மட்டும் எரியாது. நடுவே ஒரு மலிவான கிகாபிட் சுவிட்சை வைத்தால் போதும், இரண்டு பக்கத்தோடும் அது பேசிக்கொள்ளும். இரண்டு பழைய கணினிகளை நேராக இணைப்பவர்கள், அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருக்கும் கிராஸ்ஓவர் கேபிளை மறக்க வேண்டாம். ஒரு முனையாவது கிகாபிட்டாக இருந்தால் அது பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும், இரண்டுமே 100 மெகாபிட் காலத்துக் கார்டுகள் என்றால் பெரும்பாலும் செய்யாது.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டிரைவர் எல்லாம் சரியாக ஏறி, கோட் 52 என்று வந்தால் அது டிரைவரின் டிஜிட்டல் கையொப்பப் பிரச்சினை. பிந்தைய டிரைவர்கள் ஷா-2 முறையில் மட்டும் கையொப்பமிட்டவை. புதிதாக நிறுவிய விண்டோஸ் 7க்கு அதைப் படிக்கத் தெரியாது. 2019இல் வந்த கேபி4474419 என்ற திருத்தத்தைத் தம்ப்டிரைவில் கொண்டுபோய் முதலில் நிறுவுங்கள்.

அண்ணனின் மகன் இப்போது அந்த எக்ஸ்பி முழுவதையும் மென்பொருளுக்குள் ஓடும் மெய்நிகர் கணினியாக மாற்றிப் புதிய கணினிக்குள் வைத்துவிடலாம் என்கிறான். நல்ல யோசனைதான், ஹார்ட் டிஸ்க் என்றைக்காவது நின்றுபோகும். அதற்கான வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் முயன்று பார்த்தான். உள்ளே எக்ஸ்பி எழுந்தது, நெட்வொர்க் கார்டைத் தெரியவில்லை என்றது. அவன் தேர்ந்தெடுத்திருந்தது இன்டெல் ப்ரோ/1000 எம்டி டெஸ்க்டாப், அது எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவுக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் ஆனது. ஏஎம்டியின் பிசிநெட் கார்டையோ, இன்டெலின் டி சர்வர் வகையையோ எடுத்தால் எக்ஸ்பி தானாகவே அறிந்துகொள்ளும். மெய்நிகர் கார்டுக்கும் வயதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மாற்றியவுடன் நெட்வொர்க் வந்துவிட்டது. எழுத்துரு மென்பொருள்தான் இன்னும் திறக்கவில்லை, அது இணைப் போர்ட்டில் தன் டாங்கிளைத் தேடுகிறது. புதிய கணினியில் இணைப் போர்ட்டே கிடையாது. அந்த வேலை முடியும்வரை, தேக்காவில் கல்யாணப் பத்திரிகைகள் 8139 வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கும்.